கலர் திரையில் விழுந்த தூசி

செங்கமலம் உட்கார்ந்திருப்பதாக என்னால் இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் காலை பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வருவாள். "உக்காரும்மா, சீட்டு என்ன சுடவா செய்யுது?" என்று கண்டக்டர் கேட்பார். "இருக்கட்டுங்க, எறங்கறப்ப எப்படியும் எந்திரிக்கணும்ல" என்பாள். நாங்கள் வேலை பார்த்த ஆலைக்குள் வந்தாலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி இருக்கும். அவள் குனிந்து நின்றுகொண்டு தட்டுவாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்துவிட்டால் ஒரு கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் அது. அரியலூருக்கு வெளியே இருந்த ஒரு சிமெண்டு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நான் இளநிலைக் கெமிஸ்டு. செங்கமலம் கம்ப்யூட்டர் வேலைக்குப் பயிற்சி ஊழியராக வந்து சேர்ந்தாள். அப்பா பாவாடையும் அம்மா ஆண்டாயியும் ஊரார் காட்டில் களை வெட்டியும் கடலை பிடுங்கியும் அவளைத் திருச்சிக்கு அனுப்பிக் கணக்கில் பட்டம் வாங்க வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படிப்பு. அவளுடைய குடும்பத்தில் நிழலில் செய்கிற வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். "உக்காந்து பாக்கற வேலைன்னாங்க, நீ என்னடி வூட்டுக்கு வந்தும் நின்னுக்கிட்டே இருக்கற?" என்று அம்மா திட்டுவாளாம். செங்கமலமே சொல்லிச் சிரிப்பாள்.

பயிற்சி ஒரு வருஷம். அது முடிந்ததும் வேலை நிரந்தரமா இல்லையா என்று தலைமைக் கெமிஸ்டு அருளானந்தம் எழுதித் தர வேண்டும். ஏலாக்குறிச்சிக்காரர். கோபக்காரர் இல்லை. ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை வார்னிஷ் அடித்து மாட்டிவைத்துவிடுவார். யாரும் தொடக் கூடாது.

ஆலையில் அப்போது இரண்டு கம்ப்யூட்டர்கள். ஆபீஸில் இருந்தது மெட்ராஸில் வாங்கியது, பச்சை எழுத்துத் திரை. எங்கள் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது கலர் திரை. லப்பைக்குடிக்காட்டு ஜியாவுதீன் பாய் அபுதாபியில் கடை வைத்திருந்தபோது கணக்குக்காக வாங்கி, ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவந்து, இங்கே வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஆலைக்குக் கொடுத்தது. பார்க்க இரண்டும் ஒரே ஜாதி மிஷின் மாதிரிதான் இருக்கும். உள்ளே திரையை ஓட்டுகிற அட்டை மட்டும் வேறு வேறு.

எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு எடிட்டர். மணிக்கொரு முறை ஆலையில் அரைத்த கல் மாவு சோதனைக்கு வரும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று பார்த்து மிஷினில் அடித்து வைப்போம். கலவைக் கணக்குப் போடுகிற புரோகிராம் அதை எடுத்துக்கொள்ளும். மிஷினோடு வந்த எடிட்டரில் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் திருத்த முடியும். கிணற்றில் விழுந்த சாவியைக் கொக்கி போட்டுத் தேடுவதுபோல ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டிருப்போம். செங்கமலம் திருச்சியில் படித்த இடத்திலிருந்து வேறொரு எடிட்டரைப் பிளாப்பியில் கொண்டுவந்தாள். யாரும் பிரதியெடுத்துக்கொள்ளலாம். முழுப் பக்கமும் திரையில் தெரியும், எங்கே வேண்டுமானாலும் போய்த் திருத்தலாம். ஒரு சிரமம், அது சோர்ஸாகவே வந்திருந்தது. அதாவது எழுதியவர் எழுதின வடிவத்திலேயே; மிஷினுக்குப் புரிகிற மாதிரி நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் ஒரு கோப்பைத் திறந்து உன் மிஷின் எது, உன் திரை எது என்று சொல்ல வேண்டும். உன்னுடையதற்கு நேராக ஒன்று, மற்றதற்கெல்லாம் சைபர். அப்படி வரிசையாக எத்தனையோ கேள்விகள்.

ஆபீஸ் மிஷினில் முதலில் ஏற்றினாள். ஓடியது. அந்தக் கோப்பை அப்படியே எடுத்து வந்து எங்கள் மிஷினில் போட்டாள். திரை கறுப்பாக நின்றது.

"கரண்டு கம்மியா இருக்கும்" என்றார் அருளானந்தம். அங்கே எது நின்றாலும் முதலில் அதைத்தான் சொல்வோம்.

"இல்ல சார், உள்ள ஓடுது. அடிக்கறதெல்லாம் வாங்கிக்குது. எழுத்த வேற எங்கயோ கொண்டுபோயி வைக்குது." அவள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பச்சைத் திரை எழுத்துகளை எடுத்துக்கொள்கிற இடம் நினைவகத்தில் ஒன்று, கலர் திரைக்கு வேறொன்று. அந்த விலாசத்தை மாற்றிப் போட்டாள். பிளாப்பி கரகரவென்று அரைத்து முடித்ததும் திரையில் எழுத்து எழும்பி நின்றது. நாங்கள் கைதட்டினோம். அறையைப் பார்த்துக்கொள்ளும் அய்யாக்கண்ணு ஓடிப்போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்.

டீ குடித்துக்கொண்டே அவள் அடிப்பதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பளிச்சென்று வரும், மறையும், வேறு இடத்தில் வரும்.

"தூசி" என்றார் அருளானந்தம். "தூசிதான்" என்றேன் நான். செங்கமலம்கூட, "உள்ள தூசி பூந்துருச்சு சார்" என்றாள். யாருக்கும் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை.

எப்படி வரும்? அந்தப் பக்கத்தில் வேப்ப இலை பச்சையாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவோம், அது ஆஸ்பத்திரி நாற்காலியானாலும். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் முன் மூடியை ஊதுவோம். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கினால்கூட ஒரு உதறு. இப்போது நான் வெளிநாட்டில், தூசி என்பதே இல்லாத ஊரில் இருக்கிறேன். எதிரே திரை லேசாக நடுங்கினால் இன்றைக்கும் என் கை துணியைத்தான் தேடுகிறது. வெள்ளையாக எது தெரிந்தாலும் அது சிமெண்டு. எங்கள் கண் அப்படிப் பழகிப்போயிருந்தது.

இதில் அகப்பட்டுக்கொண்டவர் அய்யாக்கண்ணு. மூட்டை கட்டும் பிரிவில் பல வருஷம் நின்றவர். நெஞ்சு கெட்டுப்போய், இனிமேல் தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த அறையை அவர் கோயில் மாதிரி வைத்திருந்தார். வாசலில் ஈரச் சாக்கு தொங்கும். செருப்பு வெளியே. உள்ளே போகிறவர் யாரானாலும் முதுகில் துண்டால் நாலு தட்டுத் தட்டித்தான் விடுவார்; ஒருமுறை மெட்ராஸ் ஆபீஸர் ஒருத்தருக்கும் அந்தத் தட்டு விழுந்தது.

புள்ளி வந்த மறுநாளிலிருந்து அவர் திரையைத் துடைத்தார், பெட்டியைத் துடைத்தார், சுவரைத் துடைத்தார். செங்கமலம் பெட்டியைக் கழற்றிக் கொடுக்க, சைக்கிள் பம்பை வைத்து உள்ளே ஊதினார். புள்ளி போகவில்லை. அருளானந்தம் ஒருநாள் வந்து ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் சாம்பலானது. அந்த ஊரில் எந்த ஜன்னலில் ஓட்டினாலும் ஆகும்.

"ஏம்மா, தூசிதான்னு நிச்சயமாச் சொல்றியா?"

"தூசிதான் சார்" என்றாள் செங்கமலம்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. அறைப் பராமரிப்பு சரியில்லை, அய்யாக்கண்ணு மறுபடியும் மூட்டைப் பிரிவுக்கு.

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் செங்கமலம்.

"எதை வச்சுக்கறது பாப்பா, நெஞ்சுல ஏற்கெனவே எடம் இல்ல." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. "சாக்க மட்டும் காயவுட்டுறாத. மத்தியானம் ஒருக்கா தண்ணி தெளி."

அதன்பின் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஈரச் சாக்குக்கு அவளே தண்ணீர் தெளித்தாள். ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரைப் பசை போட்டு ஒட்டினாள். மூட்டைப் பிரிவு வழியாகப் போக வேண்டிய வேலை இல்லாதபோதும் போய் வந்தாள். அங்கே வெள்ளை மூட்டத்துக்குள் மூக்கில் துண்டு கட்டிய ஆட்கள் நிற்பார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் இருப்பார்கள். அய்யாக்கண்ணு எவர் என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். திரும்பி வந்து, "நேத்தைக்கு இன்னைக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கு சார்" என்று என்னிடம் சொல்வாள். "மழை வந்தா அடங்கும்" என்பேன்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ஜியாவுதீன் பாய் வந்தார். மிஷினை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்க்க வந்தவரை அருளானந்தம் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாய், தூசி புடிச்ச மிஷினைத் தலையில கட்டிட்டீங்க?"

நான் எண்களை அடித்துக்கொண்டிருந்த திரையைப் பாய் பார்த்தார். முகம் சுருங்கியது. "சார், வல்லாஹி, அல்லா மேல ஆணையாச் சொல்றேன். அபுதாபில மணல்காத்து அடிச்சா தட்டுல இருக்கற சோறு தெரியாது. அந்தக் காத்துல நாலு வருசம் ஓடின மிஷினு. இப்படி ஒரு பொட்டு நான் பாத்ததில்ல."

"அது மணலு பாய். இது சிமெண்டு. புடிச்சா வுடாது" என்றேன் நான். எல்லாரும் சிரித்தோம். பாயும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டுப் போனார். செங்கமலம் சிரித்தாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் அப்போது ஜன்னலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள் என்றுதான் ஞாபகம்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, ஆலையில் ஏதோ பெல்ட் அறுந்து மாவு வருவது நின்றுபோனது. எண் வராமல் அடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. செங்கமலம் வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிர் மேசையில். கொஞ்ச நேரம் கழித்து, தாளம் போட்டுக்கொண்டிருந்த அவள் கால் நின்றது. அது நின்றதால்தான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சார், இங்க வாங்களேன்."

போனேன். திரை சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"பாருங்க" என்று ஒரே ஒரு எழுத்தை அடித்தாள். புள்ளி பளிச்சிட்டது. கையை எடுத்தாள். சுத்தம். அடுத்த பக்கத்துக்குத் தள்ளுகிற விசையை அழுத்தினாள். திரை முழுக்க வெள்ளையாகக் கொட்டியது. கையை எடுத்தாள். ஒன்றும் இல்லை.

"தூசி என் வெரலப் பாத்துக்கிட்டா சார் விழும்?" என்றாள்.

மறுபடியும் சோர்ஸைத் திறந்தாள். திரை அட்டையைப் பற்றிய கேள்விகளில், எழுதுவதற்கு முன் திரைக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே சைபர். ஆபீஸ் மிஷினுக்கு அது தேவையில்லை; அங்கே போட்ட சைபர். அந்தக் கோப்பை இங்கே கொண்டுவந்தபோது விலாசத்தை மட்டும் மாற்றிவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போயிருந்தாள். பாய் அபுதாபியில் ஓட்டிய கணக்குப் புரோகிராம் மெதுவான வழியில் எழுதியது, அதனால் அங்கே புள்ளி வரவில்லை. இந்த எடிட்டர்தான் நேராகப் போய் எழுதுகிறது. அட்டையோ தன் நினைவகத்திலிருந்து எழுத்தை எடுத்து இடைவிடாமல் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது எடுக்கிற அதே கணத்தில் நாமும் கையை விட்டால் அதற்குக் குழப்பம், கண்டதைத் திரையில் தூவிவிடுகிறது. ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் திரும்புகிற துளி இடைவெளியில் மட்டும் எழுத வேண்டும்.

சைபரை ஒன்றாக்கினாள். பிளாப்பி அரைத்து முடிக்கும்வரை அறையில் நடந்துகொண்டே இருந்தாள். எடிட்டர் திறந்தது. அடித்தாள், பக்கம் தள்ளினாள், மேலே போனாள், கீழே வந்தாள். ஒரு புள்ளி இல்லை. முன்னைவிட ஒரு நூல் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான்.

நான் கைதட்டப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அருளானந்தம் உள்ளே வந்தார். பெல்ட் சரியாகிவிட்ட செய்தியைச் சொல்ல வந்தவர் திரையைப் பார்த்துவிட்டார்.

"அட! போயிருச்சா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "பாத்தியாம்மா? ஆள மாத்துனதும் சரியாப் போச்சு. நான் அப்பவே சொல்லல?" அவளை ஒரு முறை மெச்சுகிற மாதிரி பார்த்தார். "உன் பயிற்சி முடியுதுல்ல? நல்லா எழுதித் தரேன். கவலப்படாத."

அவர் போய்விட்டார். புள்ளி இருந்தவரை அய்யாக்கண்ணு மேல் ஒரு சந்தேகம்தான் இருந்தது. புள்ளி போனதால் அது நிரூபணமாகிவிட்டது. அவள் சரிசெய்ததே அவருக்கு எதிரான சாட்சி. இப்படியே விட்டால் அவர் மூட்டைப் பிரிவிலேயே இருமிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், இவள் நிரந்தரமாகிவிடுவாள்.

"சொல்லிடலாமா சார்?" என்றாள் என்னிடம்.

"ரிப்போர்ட்டு எழுதறவரைக்கும் பொறேன். நிரந்தரம் ஆனப்பறம் சொல்லு" என்றேன். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"அதுவரைக்கும் அவரு எத்தனை மூட்டை கட்டுவாரு?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். எங்கே போனாள் என்று கேட்கத் தேவையில்லை. திரும்பி வந்தபோது தலைமுடி நரைத்த மாதிரி இருந்தது. அறைக்குள் வரும் முன் துண்டால் தன்னையே தட்டிக்கொண்டாள்.

நாற்காலியில் உட்காரவில்லை. பிளாப்பியில் இரண்டு எடிட்டர்களை வைத்துக்கொண்டாள், சைபர் போட்ட பழையதும், சைபரை ஒன்றாக்கிய புதியதும். அருளானந்தத்தைக் கையோடு கூட்டி வந்தாள்.

"சார், பெட்டிய இப்பத்தான் கழட்டித் தொடச்சேன். விரலு ஓட்டிப் பாருங்க."

ஓட்டினார். சுத்தம்.

"இது நீங்க காலைல பாத்தது." பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. "இப்ப பழசப் போடறேன்." போட்டாள். தள்ளினாள். வெள்ளையாகக் கொட்டியது. மறுபடி புதியது, சுத்தம். மறுபடி பழையது, கொட்டியது.

அருளானந்தம் கண்ணாடியைக் கழற்றவில்லை. "என்னம்மா இது?"

"நம்ம எடைமேடைல ஒரு லாரி நிக்கறப்ப இன்னொரு லாரிய ஏத்துனா முள்ளு குதிக்கும்ல சார், அது மாதிரி. மொத வண்டி எறங்கறவரைக்கும் காத்திருன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தூசி இல்ல சார். நான் போட்ட சைபரு."

"தூசின்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"நீ சொன்னத நம்பித்தான நான் அந்த ஆள மாத்துனேன்?"

"ஆமா சார். அவர இங்கயே போட்டுருங்க."

அருளானந்தம் பக்கம் தள்ளுகிற விசையைத் தானே ஒரு முறை அழுத்திப் பார்த்தார். மாட்டிவைத்த முடிவைக் கழற்றுவது அவருக்குச் சுலபமில்லை. "இத அப்படியே எழுதிக் குடு" என்றார் கடைசியில். "உன் பேரப் போட்டு. அப்புறம் பயிற்சிய இன்னொரு ஆறு மாசம் நீட்டுனாத்தான் மெட்ராஸுல கேட்டா நான் பதில் சொல்ல முடியும். பரவால்லையா?"

"பரவால்ல சார்" என்றாள். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் இதை எப்படிச் சொன்னாளோ, ஆண்டாயி என்ன திட்டினாளோ, அதை மட்டும் அவள் எங்களிடம் சொல்லிச் சிரிக்கவில்லை.

அய்யாக்கண்ணு திரும்பி வந்தார். வந்ததும் ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னலில் ஒட்டியிருந்த பேப்பரைப் பார்த்து, "யாரு ஒட்டுனது, கழுத மேஞ்ச போஸ்டரு மாதிரி" என்றார். அவளிடம் நேராகப் பேச்சு இல்லை. டீ கொண்டுவந்து மேசையில் வைப்பார், போய்விடுவார். அவள் "அண்ணே" என்பாள். அவர் துடைத்துக்கொண்டிருப்பார். இருமல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயம், கீபோர்டில் ஒரு எழுத்து மக்கர் செய்தது. அழுத்தினால் வராது, திடீரென்று பத்தாகக் கொட்டும். இதுவும் தான் போட்ட ஏதோ ஒரு சைபர்தான் என்று செங்கமலம் முடிவுகட்டிவிட்டாள். சோர்ஸைத் திறந்து உட்கார்ந்தாள், ஆமாம், உட்கார்ந்தேவிட்டாள். கீபோர்டைப் பற்றிய வரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சைபரை ஒன்றாக்கினாள், ஒன்றைச் சைபராக்கினாள், திரும்பத் திரும்ப அரைக்கவிட்டாள். தூசியாக இருக்குமோ என்று நான் வாயெடுத்தேன். "அந்த வார்த்தையச் சொல்லாதீங்க சார்" என்றாள்.

மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்த அய்யாக்கண்ணு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்தார். உள்ளே வருகிறவர்களின் முதுகில் விழுகிற அதே தட்டு, நாலு. மேசைமேல் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது.

செங்கமலம் பொடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இது என்னோடது பாப்பா" என்றார் அய்யாக்கண்ணு. "நான் ஒத்துக்கறேன். எழுதிக் குடுக்கணுமா?"